16 கோடி ரூபாய் ஊசிக்குத் திரட்டும் நன்கொடையில் பரிசோதனைக்கும் பங்கு வேண்டுமா?

சென்னிமலை நெசவாளர்:
எஸ்.எம்.ஏ. எனப்படும் முதுகுத்தண்டுத் தசைச் சிதைவு நோய்க்கான ஊசிக்கு உதவி கேட்டு வேண்டுகோள் வரும்போதெல்லாம் என்னால் இயன்றதை அனுப்புகிறேன். ஆயினும் நம் ஊர் அறக்கட்டளைகள் தரும் பணத்தில் ஒரு பகுதியைத் திருமணத்துக்கு முன் செய்யும் ரத்தப் பரிசோதனைக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. தாய், தந்தை இருவருமே இந்த நோய்க்குக் காரணமான எஸ்.எம்.என்.1 மரபணுவின் பழுதான படி ஒன்றைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைப்பேற்றிலும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. ஒரே கூட்டத்துக்குள், அதாவது ஒரே தந்தை வழிக் குலத்துக்குள், பெண் எடுப்பதில்லை என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். ஆனால் கூட்டம் தந்தை வழியை மட்டுமே விலக்குகிறது. மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டும்போது அதே பழுது இரு பக்கமிருந்தும் வந்து சேரக்கூடும்.

தாராபுரம் தகப்பன்:
பரிசோதனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பணத்தைப் பிரிப்பதைத்தான் மறுக்கிறேன், ஐயா. பிறந்துவிட்ட குழந்தையின் நரம்பணுக்கள் நாள்தோறும் அழிந்துகொண்டிருக்கையில் அடுத்த தலைமுறைக்குச் சேமிப்பது எப்படி நியாயமாகும்? மேலும் உலக அளவில் ஏறத்தாழ 40 முதல் 60 பேருக்கு ஒருவர் இந்தப் பழுதைச் சுமக்கிறார். சொந்தத்தில் கட்டாதவர்களுக்கும் இது வருகிறது. உறவு மணத்தை முன்னிறுத்திப் பேசினால் ஊர் கடைசியில் பெற்ற தாயைத்தான் குற்றம் சொல்லும்.

கோவை இயன்முறை மருத்துவர்:
அந்தக் கடைசிக் கவலை உண்மை. என்னிடம் வரும் தாய்மார்களிடம் அதை நேரில் காண்கிறேன். ஆனால் நீங்கள் இருவரும் விட்டுவிட்ட பரிசோதனை ஒன்று இருக்கிறது: பிறந்த சில நாள்களில் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தம். 2019-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சோல்ஜென்ஸ்மா எனும் இந்த ஊசி, நோய் உண்டாக்காத ஏ.ஏ.வி.9 வைரஸின் கூட்டுக்குள் நல்ல மரபணுவை வைத்து நரம்பணுக்களுக்குக் கொண்டு சேர்க்கிறது; செத்துப்போன அணுக்களை அதனால் மீட்க முடியாது. கடுமையான வகை வரக்கூடிய 14 குழந்தைகளுக்கு அறிகுறி தோன்றும் முன்பே, பிறந்த ஆறு வாரத்துக்குள் அதைக் கொடுத்த ஆய்வில் 14 பேருமே 18 மாதத்துக்குள் பிடிமானமின்றி உட்கார்ந்தார்கள். மூளையின் வெள்ளைப் பகுதியைச் சிதைக்கும் எம்.எல்.டி. நோய்க்கு 2024-இல் அங்கே வந்த லென்மெல்டி எனும் மரபணு சிகிச்சையின் விலை 42.5 லட்சம் டாலர்; அதுவும் நோய் முற்றியபின் பயன்படாது.

தாராபுரம் தகப்பன்:
குதிகால் சோதனையை முழு மனத்துடன் ஏற்கிறேன், அம்மா. ஆனால் கண்டுபிடித்தபின் மருந்துக்கு வழி? 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கை தரும் 50 லட்சம் இந்த ஊசிக்கு எட்டாது.

சென்னிமலை நெசவாளர்:
ஊசி ஒன்றே வழியன்று. இதே நோய்க்குத் தினமும் வாய்வழி கொடுக்கும் ரிஸ்டிப்ளாம் என்ற மருந்து ஒரு புட்டி 6 லட்சத்துக்கு மேல் விற்றது. 2025-இல் காப்புரிமை வழக்கில் நீதிமன்றம் தடை விதிக்க மறுத்தபின் அதன் உள்நாட்டுத் தயாரிப்பு 15,900 ரூபாய்க்கு வந்துவிட்டது. ஒரே ஊசிக்கான தொகையில் எத்தனை குழந்தைகளுக்குப் பல ஆண்டுகள் மருந்து கொடுக்கலாம் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

தாராபுரம் தகப்பன்:
அது ஆயுள் முழுவதும் தொடர வேண்டிய மருந்து. பத்தாம் ஆண்டிலும் அறக்கட்டளை பணம் தரும் என்று எழுத்தில் உறுதி கொடுத்தால் நானும் உங்கள் பக்கம் வருகிறேன். அதுவரை ஊசிக்குத் திரட்டுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள்.