கிராமத்து அரசுப் பள்ளியில் வேளாண்மைப் பாடம்: வேண்டுமா, வேண்டாமா?

வரப்போரம்:
கிராமத்து அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை வேளாண்மையைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்கிறேன். வாரத்துக்கு 3 பாடவேளை போதும். மண், நீர், விதை, பூச்சி, சந்தை எல்லாம் பள்ளியின் மதிலுக்கு அந்தப் பக்கமே கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு அறிவியலைப் படமாக மட்டும் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மறுப்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள்.

கரும்பலகை:
மறுக்கிறேன். கணக்கு ஆசிரியனாகச் சொல்கிறேன்: எட்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் வகுத்தலில் தடுமாறும் பிள்ளைகள் நிறையப் பேர். நீங்கள் கேட்கும் 3 பாடவேளையை யாரிடமிருந்து எடுப்பீர்கள்? கணக்கிலிருந்தும் மொழியிலிருந்தும்தான் எடுப்பார்கள்.

இன்னொன்று. உழவருக்குப் பயன்படுவது பொதுக் கல்வியே என்பதற்குச் சான்று இருக்கிறது. பல நாடுகளில் நடந்த ஆய்வுகளை உலக வங்கியைச் சேர்ந்தவர்கள் 1980இல் தொகுத்துப் பார்த்தார்கள். நான்காண்டு தொடக்கக் கல்வி பெற்ற உழவரின் விளைச்சல், பள்ளிக்கே போகாதவரைவிடச் சராசரியாக 7 சதவீதம் அளவுக்கு அதிகம். அவர்கள் படித்தது வேளாண்மை இல்லை, எழுத்தும் எண்ணும்தான்.

ஆப்பிரிக்க நாடான கானாவைப் பற்றிக் கல்வி ஆய்வாளர் பிலிப் ஃபாஸ்டர் 1965இல் எழுதியதையும் நினைவூட்டுகிறேன். பள்ளியில் உழவு கற்றுக்கொடுத்தால் பிள்ளைகள் நிலத்தில் தங்கிவிடுவார்கள் என்று ஆட்சியாளர்கள் திரும்பத் திரும்ப நம்பினார்கள். அது நடக்கவில்லை. சம்பளம் எழுத்தர் வேலையில் இருந்ததால் பெற்றோர் அதற்கேற்ற படிப்பையே தேடினார்கள். அவர்கள் போட்ட கணக்கு சரியானது. வருமானம் மாறாமல் பாடத்திட்டத்தை மட்டும் மாற்றுவதால் ஒன்றும் நடக்காது.

செம்மண்:
கரும்பலகை சார், நான் வேளாண்மை படித்தவன். ஃபாஸ்டர் சொன்னது எனக்கும் ஏற்புதான். பிள்ளைகளை ஊரிலேயே கட்டிப்போடத்தான் இந்தப் பாடம் என்றால் முதலில் எதிர்ப்பவன் நானாக இருப்பேன். ஆனால் இங்கே யாரும் அதைக் கேட்கவில்லையே. வகுத்தல் வராத பிள்ளைக்கு வகுத்தல் வர ஒரு வழியாகத்தான் இதைப் பார்க்கிறேன்.

யூரியாவில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 46 சதவீதம். ஒரு பயிருக்கு 60 கிலோ தழைச்சத்து வேண்டுமென்றால் எத்தனை கிலோ யூரியா? ஏறக்குறைய 130. இதில் சதவீதமும் வகுத்தலும் இருக்கின்றன. கூடவே வீட்டில் யாராவது அளவுக்கு மேல் உரம் போடுகிறார்களா என்று கேட்கும் துணிச்சலும் பிள்ளைக்கு வருகிறது. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். அப்படியானால் 25 மில்லிமீட்டர் மழையில் ஓர் ஏக்கருக்குக் கிடைப்பது சுமார் ஒரு லட்சம் லிட்டர். வெறும் டப்பாவில் மழையை அளந்த பிள்ளை, இந்த எண்ணைத் தானே கண்டுபிடிக்கும். அதன் பிறகு பரப்பளவும் கன அளவும் அதற்கு வெறும் சூத்திரமாக இருக்காது.

அப்புறம் அறிவியல். பயறுச் செடியைப் பிடுங்கி, வேர் முடிச்சை நகத்தால் கீறச் சொல்லுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் பாக்டீரியா வேலை செய்கிறது, காற்றிலுள்ள நைட்ரஜன் செடிக்குப் போகிறது. பச்சையாகவோ சாம்பல் நிறமாகவோ இருந்தால் வேலை நடக்கவில்லை. ஏன் நடக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்டால் நுண்ணுயிரியலுக்குள் நுழைந்துவிட்டோம். நுண்ணோக்கி இல்லாத பள்ளியிலும் இதைச் செய்யலாம். விதையைக் கொண்டும் ஒரு பாடம் நடத்தலாம். ஈரத்துணியில் 100 விதைகளைச் சுருட்டி வைத்து, முளைத்தவற்றை எண்ணினால் அதுவே முளைப்புத்திறன் சதவீதம்.

நீங்கள் சொன்ன 1980 தொகுப்பில் இன்னொரு செய்தியும் உண்டு. புதிய விதையும் புதிய முறையும் வந்துகொண்டிருந்த இடங்களில்தான் கல்வியின் பலன் கூடுதலாகத் தெரிந்தது. புதியதை எடைபோடத் தெரிந்தவருக்கே படிப்பு கைகொடுத்தது. அந்த எடைபோடும் பழக்கத்தைத்தான் இந்த வகுப்பு தர வேண்டும்.

விடிவெள்ளி:
செம்மண் எழுதியது படிக்க நன்றாக இருக்கிறது. நடப்பது வேறு. நான் படித்த பள்ளியில் தோட்ட வகுப்பு என்று ஒன்று இருந்தது. மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லித்தரவில்லை. களை பிடுங்கினோம், தண்ணீர் சுமந்தோம். அதிலும் யார்? கூலி வீட்டுப் பிள்ளைகள். "இவங்களுக்குப் பழக்கம்" என்று சொல்லியே அனுப்புவார்கள். நன்றாகப் படிப்பவர்கள் என்று முடிவு கட்டப்பட்டவர்கள் வகுப்பில் உட்கார்ந்து தேர்வுக்குப் படித்தார்கள்.

விடுமுறை நாளில் என் அம்மாவோடு நாற்று நட்டவள் நான். அந்த வேலையின் கனம் எனக்குத் தெரியும். அதையே மதிப்பெண் போடும் பாடமாகப் பள்ளி திருப்பித் தந்தால் என்னைப் போன்ற பிள்ளை என்ன நினைக்கும்? "நீ இதற்குத்தான்" என்று பள்ளியும் சொல்கிறது என்று நினைக்கும். கிராமத்துப் பிள்ளைக்கு மட்டும் உழவு, நகரத்துப் பிள்ளைக்குக் கணினி என்றால் அது பிரித்து வைப்பதுதான்.

வரப்போரம்:
நீங்கள் சொல்வது நடந்த அநியாயம், மறுக்க முடியாது. அதனால்தான் வகுப்பு முழுவதற்கும் கட்டாயம் என்கிறேன். தலைமையாசிரியர் வீட்டுப் பிள்ளையும் பாத்தி பிடிக்கட்டும், கூலி வீட்டுப் பிள்ளையும் குறிப்பேடு எழுதட்டும்.

எனக்கு வேறொரு சிக்கல் தெரிகிறது. பயிர் பள்ளி நாட்காட்டியைப் பார்த்து வளர்வதில்லை. நீண்ட விடுமுறையில் தண்ணீர் ஊற்றுவது யார்?

செம்மண்:
இதற்குப் பழைய விடை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நார்த்தாம்ப்டன் வேளாண் பள்ளியில் ரூஃபஸ் ஸ்டிம்சன் 1908 வாக்கில் வீட்டுத் திட்ட முறையைக் கொண்டுவந்தார். மாணவர் தன் வீட்டு நிலத்தில் ஒரு பயிரையோ கால்நடையையோ எடுத்துக்கொள்வார். வரவு செலவும் எழுதுவார். ஆசிரியர் வீட்டுக்கே போய்ப் பார்ப்பார். விடுமுறையிலும் பாடம் நிற்காது.

விடிவெள்ளி:
வீட்டில் நிலம் இருந்தால். நிலமில்லாத பிள்ளை எதை எடுத்துக்கொள்ளும்? அடுத்தவர் வயலில் அம்மா வாங்கும் கூலியையா வரவில் எழுதும்?

செம்மண்:
நியாயமான கேள்வி. 1917இல் தொழிற்கல்விக்காக அமெரிக்கா கொண்டுவந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டத்தில் இதற்கு இடம் விட்டிருந்தார்கள். ஆண்டுக்கு 6 மாதமாவது மேற்பார்வையோடு களப்பயிற்சி வேண்டும் என்றது சட்டம். அது பள்ளி தரும் பண்ணையிலும் நடக்கலாம், வேறு பண்ணையிலும் நடக்கலாம். ஆகவே நிலமில்லாத பிள்ளைக்குப் பள்ளி தன் நிலத்தில் பாத்தி ஒதுக்க வேண்டும், விளைந்ததை அந்தப் பிள்ளைக்கே தர வேண்டும். அதே சட்டம் ஆசிரியர் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் பணம் ஒதுக்கியது. ஆசிரியர் இல்லாமல் பாடத்தை மட்டும் அறிவிப்பதால்தான் அது களை பிடுங்கும் வேலையாகச் சுருங்குகிறது.

கரும்பலகை:
ஆசிரியர், நிலம், தண்ணீர், விடுமுறை மேற்பார்வை. அறிவியல் ஆசிரியர் இடமே காலியாகக் கிடக்கும் பள்ளியில் இவ்வளவையும் எதிர்பார்க்கிறீர்கள். உரக் கணக்கையும் மழைக் கணக்கையும் என்னிடம் கொடுங்கள், என் வகுப்பிலேயே நடத்துகிறேன். புதுப் பாடம் எதற்கு?

செம்மண்:
தாராளமாக நடத்துங்கள் சார், மகிழ்ச்சி. ஆனால் முளைத்த நாற்று ஏன் வாடியது என்று பார்க்க அந்த வாரமே போக வேண்டும். தேர்வு முடிந்து போனால் செடி இருக்காது. அதற்கென்று ஒரு நேரம் இல்லாவிட்டால் என் கணக்கும் உங்கள் கரும்பலகையில் இன்னொரு சூத்திரமாகிவிடும்.

விடிவெள்ளி:
நடத்துவதென்றால் எனக்கு மூன்று நிபந்தனைகள். வகுப்பில் ஒருவரையும் விலக்கக் கூடாது, ஒருவரைக் காட்டி "உனக்குப் பழக்கம்" என்று சொல்லவும் கூடாது. மதிப்பெண் குறிப்பேட்டுக்கும் கேள்விக்கும்தான், உடல் உழைப்புக்கு இல்லை. நகரத்துப் பள்ளிக்கும் இதே பாடம் வேண்டும். மூன்றாவது நடக்காவிட்டால் நான் கரும்பலகை சார் பக்கம்தான்.

கரும்பலகை:
மூன்றாவது நிபந்தனையை யாராவது ஏற்பார்களா என்று பார்ப்போம். ஏற்றாலும் வாரத்துக்கு ஒரு பாடவேளை மட்டும், அதுவும் கணக்கையும் மொழியையும் தொடாமல். அதற்கு மேல் ஒப்ப மாட்டேன்.

வரப்போரம்:
ஒன்று போதாது சார். பாத்திக்குப் போய்த் திரும்பவே அந்த நேரம் சரியாகிவிடும். இரண்டு பாடவேளையை ஒரே நாளில் சேர்த்துக் கொடுங்கள். நகரத்துப் பள்ளிக்கும் வேண்டும் என்பதை நான் ஏற்கிறேன்.