வர்லித் தவளை டைனோசரைப் பார்த்திருக்குமா?

அந்தேரி அம்மா:
திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மும்பையில் அந்தேரி மேற்கில் குடியிருக்கிறோம். போன ஞாயிற்றுக்கிழமை எட்டாம் வகுப்பு படிக்கும் மகனைக் கில்பர்ட் ஹில்லுக்குக் கூட்டிப் போனேன். வீடுகளுக்கு நடுவே 200 அடி உயரத்துக்குக் கருங்கல் தூண்கள் ஒட்டி நிற்கின்றன, உச்சியில் காவ்தேவி கோயில். கூட வந்தவர் "6.6 கோடி வருஷப் பாறை, டைனோசர் அழிந்த அதே சமயம்" என்றார். வர்லியில் எரிமலைப் பாறைகளுக்கு இடையே தவளைப் புதைபடிவம் கிடைத்ததையும் சொன்னார். அப்போதிலிருந்து மகன் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான்: அந்தத் தவளை டைனோசரைப் பார்த்திருக்குமா? கடல் உயிர்களின் ஓடுகளை வைத்து வயது சொல்வார்கள் என்று படித்திருக்கிறேன். நிலத்து உயிர்களை மட்டும் வைத்து, ஓர் அடுக்கு பேரழிவுக்கு முன்பா பின்பா என்று சொல்ல முடியுமா?

பாறைப்பித்தன்:
பார்த்திருக்காது, மேடம். ஆனால் அந்தப் பதிலைத் தவளையிடமிருந்து வாங்க முடியாது.

1847-ல் ஆங்கிலேய விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் அந்தச் சின்னத் தவளைக்குப் பெயர் வைத்தார். இன்று அதை இந்தோபட்ராகஸ் என்கிறோம். எரிமலைக் குழம்பு ஒருமுறை வழிந்து ஆறியபின் அடுத்தது வருவதற்குள் அங்கே ஏரியும் குட்டையும் உருவாகும், வண்டல் படியும். அந்த வண்டலில் அது புதைந்தது. அதே வர்லியில் நன்னீர் ஆமையும் கிடைத்திருக்கிறது. சிக்கல் என்னவென்றால், தவளை இனமும் ஆமை இனமும் பேரழிவைத் தாண்டி வந்தவை. பேரழிவைக் குறிக்கும் கோட்டுக்கு இரண்டு பக்கமும் வாழ்ந்த உயிர் எந்தப் பக்கத்துக்குச் சாட்சி சொல்லும்?

அடுக்கின் காலத்தைக் காட்டும் உயிர் குறுகிய காலமே வாழ்ந்திருக்க வேண்டும், பரந்த நிலப்பரப்பில் பரவியும் இருக்க வேண்டும். நிலத்தில் இதற்குப் பெரிய எலும்பைவிட மகரந்தம் நல்லது. காற்றில் போகும், குட்டையில் விழும், கெட்டியான தோல் அழியாது. தக்காணத்தில் அக்விலாபொலனைட்டிஸ் என்ற மகரந்தம் கிடைத்தால் அந்த வண்டலைப் பேரழிவுக்கு முந்தையது என்று எடுத்துக்கொள்கிறார்கள். மத்தியப் பிரதேசத்தில் சிந்த்வாரா பக்கம் ஜில்மிலியில் இன்னொரு வகை அதிர்ஷ்டம். கடற்கரையிலிருந்து அவ்வளவு உள்ளே, அங்கே கடலில் மிதந்து வாழும் ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணிய உயிர்களின் ஓடுகள் கிடைத்தன. கோட்டுக்குச் சற்றே பிந்தையவை. கூடவே இருந்த நன்னீர்ச் சிற்றுயிர் ஓடுகளுக்கும் அதனால் தேதி கிடைத்தது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

ஆனாலும் புதைபடிவம் வரிசையைத்தான் சொல்லும், ஆண்டைச் சொல்லாது. ஆண்டுக்குப் பாறையில் உள்ள பொட்டாசியம் ஆர்கான் வாயுவாக மாறிய அளவை எண்ணிப் பார்க்க வேண்டும். 2001-ல் வெளியான அளவீடுகளில், மும்பையின் மனோரிப் பாறை 6.04 கோடி, சாகி நாகா 6.18 கோடி, உங்கள் கில்பர்ட் ஹில் 6.05 கோடி ஆண்டு, ஆறு முதல் பன்னிரண்டு லட்சம் முன்பின்னாக. பேரழிவு 6.6 கோடி. தக்காணக் குழம்பின் பெரும்பகுதி சஹ்யாத்திரியில், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில், வழிந்து முடிந்த பிறகு வந்தவை இந்த மும்பைப் பாறைகள். வர்லி வண்டலும் இந்தப் பிந்தைய தொகுதிதான். கூட வந்தவர் சொன்ன எண்ணை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து மகனிடம் திருத்திச் சொல்லுங்கள்.

சயான் மாணவன்:
இவ்வளவு சுற்ற வேண்டுமா சார்? டைனோசர் எலும்பு இருந்தால் முன்பு, இல்லாவிட்டால் பின்பு. அவ்வளவுதானே?

பாறைப்பித்தன்:
தம்பி, முதல் பாதி சரி, எலும்பு பழைய அடுக்கிலிருந்து அடித்து வரப்படாத வரை. இரண்டாம் பாதியில்தான் பலர் விழுந்திருக்கிறார்கள். எலும்பு கிடைக்காததற்கு, நாம் தேடாததும் காரணமாக இருக்கலாம். அமெரிக்காவின் மோன்டானாவில் கோட்டுக்குக் கீழே 3 மீட்டர் டைனோசர் எலும்பே இல்லை, அதனால் விண்கல் விழுமுன்பே அழிந்துவிட்டன என்று வாதாடினார்கள். 2011-ல் கோட்டுக்கு 13 சென்டிமீட்டருக்குள் ஒரு கொம்பு கிடைத்தது. கடைசியாகக் கிடைத்த எலும்பு கடைசி விலங்கின் எலும்பு ஆகாது.

இதைவிடப் பழைய பேரழிவில் இன்னும் பெரிய பாடம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் கரூ படுகையில் லிஸ்ட்ரோசாரஸ் என்ற பன்றி அளவு விலங்கு பெருகும் இடத்தையே பெர்மியன் என்ற காலத்தின் முடிவாக வைத்திருந்தார்கள். நம் ராணிகஞ்ச் நிலக்கரிப் படிவத்துக்கு மேலே இருக்கும் பாஞ்சேத் அடுக்குகளையும் அதே விலங்கை வைத்துத்தான் ஒப்பிட்டார்கள். சீனாவின் மெய்ஷானில் கடல் பதிவு காட்டும் பேரழிவு 25.19 கோடி ஆண்டு. 2020-ல் கரூவில் லிஸ்ட்ரோசாரஸ் அடுக்குக்குள் இருந்த எரிமலைச் சாம்பலின் சிர்கான் என்ற கனிமப் படிகம் 25.22 கோடி என்று சொன்னது. நிலத்தில் விலங்குகள் மாறியது கடலுக்கு 3 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் முந்தி. விலங்கை மட்டும் நம்பியிருந்தால் இரண்டையும் ஒரே நிகழ்ச்சி என்றே எழுதியிருப்போம்.

அந்தேரி அம்மா:
ரொம்ப நன்றி சார். மகனுக்கு ஒரு கேள்வி பாக்கி: கரூவில் சாம்பல் கிடைத்ததுபோல நம் பக்கம் கிடைக்காதா?

பாறைப்பித்தன்:
கிடைத்திருக்கிறது. சஹ்யாத்திரி மலைச்சாலைகளில் கருங்கல் அடுக்குகளுக்கு நடுவே செங்கல் நிறத்தில் மெல்லிய பட்டை ஓடும். குழம்பு ஆறிக் கிடந்த இடைவெளியில் உருவான மண் அது. சிலவற்றில் வேறெங்கோ வெடித்த எரிமலையின் சாம்பலும் சிர்கானும் கலந்திருந்தன. பேரழிவையொட்டித் தக்காணக் குழம்பு எப்போது வழிந்தது என்பதை 2015-ல் அவற்றை வைத்துத்தான் அளந்தார்கள். புனே பக்கம் போகும்போது தம்பியை ஜன்னல் ஓரம் உட்கார வையுங்கள். மழை விட்ட மறுநாள் போனால் அந்தச் சிவப்பு நன்றாகத் தெரியும்.