'கிறிஸ்மஸ் வித் த கிராங்க்ஸ்': லூதர் செய்தது தப்பா?

மழைச்சாரல் கேட்டது:

எங்கள் மகள் இந்த வருஷம் படிக்க வெளிநாடு போய்விட்டாள். டிசம்பர் பிறந்ததும் வீட்டுக்காரர், "அவள் இல்லாமல் கிறிஸ்மஸ் எதுக்கு? இந்த ஒரு வருஷம் விட்டுவிடலாமே" என்றார். எனக்கு உடனே 2004-இல் வந்த இந்தப் படம்தான் ஞாபகம் வந்தது. நேற்று ராத்திரி தனியாக உட்கார்ந்து மறுபடி பார்த்தேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதை: சிகாகோ பக்கத்தில் ஹெம்லாக் தெரு. அங்கே லூதர் (டிம் ஆலன்), நோரா (ஜேமி லீ கர்ட்டிஸ்) தம்பதி. ஒரே மகள் பிளேர், பீஸ் கோர் என்ற அமெரிக்க அரசுத் தொண்டு அமைப்பின் தொண்டராகப் பெரு நாட்டுக்குக் கிளம்புகிறாள். லூதர் கூட்டிப் பார்த்தால் போன கிறிஸ்மஸுக்கு 6,132 டாலர் ஆகியிருக்கிறது. மரம் வேண்டாம், விருந்து வேண்டாம், கரீபியன் கப்பல் பயணம் போகலாம் என்கிறார். அவ்வளவுதான், தெருவே எதிராகத் திரும்புகிறது.

படம் லூதரைக் கஞ்சனாகவும் பிடிவாதக்காரராகவும் காட்டுகிறது. எனக்கு அவர்மேல் கோபமே வரவில்லை. வாயைத் திறந்தால் டாலர் கணக்குதான் பேசுகிறார், சரி. ஆனால் மகள் இல்லாத வீட்டில் அந்த மரத்தைப் பார்க்க மனுஷனுக்குத் தெம்பில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. அவர் செய்தது தப்பா? இதை வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டலாமா?

மூன்றாம்வரிசை:

தப்பு லூதருடையது இல்லை, தெருவுடையது. டான் அய்க்ராய்ட் நடித்த ஃப்ரோமேயர் பாத்திரத்தைப் பாருங்கள், தெருவுக்கே தலைவர் மாதிரி நடந்துகொள்ளும் பக்கத்து வீட்டுக்காரர். தெருவில் எல்லோரும் வைக்கிற ஃபிராஸ்டி பனிமனிதன் பொம்மையைக் கூரைமேல் வைக்கவில்லை என்பதற்காக ஒரு குடும்பத்தை இப்படியா விரட்டுவது? வாசலில் கோஷம், வீட்டு முன்னால் பாட்டு. நோரா வீட்டுக்குள் ஒளிந்துகொள்ளும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாகத்தான் இருந்தது. பண்டிகையைக் கொண்டாட ஒருவருக்கு எவ்வளவு உரிமை உண்டோ, சும்மா இருக்கவும் அவ்வளவு உண்டு. விமர்சகர்கள் அன்றைக்குப் படத்தைக் கிழித்ததில் இதற்கும் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

நூலகப்பூனை:

ஜான் கிரிஷாம் 2001-இல் எழுதிய நாவல்தான் இதற்கு மூலம். நீதிமன்றக் கதைகளுக்குப் பேர்போனவர். திரைக்கதை கிறிஸ் கொலம்பஸ், இயக்கம் ஜோ ராத்.

லூதரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். வாசலில் தண்ணீரை ஊற்றி உறையவிட்டு, எதிர்வீட்டு ஷீல் தம்பதியின் பூனையை அந்தப் பனியில் சிக்கவைத்தவர் அவர்தான். கடைசியில் அதே வீட்டுக் கதவைத் தட்டுகிறார். அந்த அம்மா பெவ்வுக்குப் புற்றுநோய் திரும்பிவிட்டது. கப்பல் டிக்கெட்டை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, பூனையையும் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். லூதர் கூரையிலிருந்து தொங்குவது, நோரா விருந்துக்கு வாங்கிய ஹாம் (பன்றி இறைச்சி) உருண்டோடி லாரியில் நசுங்குவது எல்லாம் எனக்கு மறந்தே போகும். இந்த ஒரு காட்சிக்காக வருஷா வருஷம் பார்க்கிறேன். இங்கே அவர் தெருவுக்குப் பயந்து எதுவும் செய்யவில்லை, யாரும் கேட்காமலே செய்கிறார்.

உப்புக்காற்று:

அக்கா, போட்டுக் காட்டும் முன் ஒன்றை யோசியுங்கள். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் பிளேர் மயாமியிலிருந்து போன் செய்கிறாள்: வந்துகொண்டிருக்கிறேன், கட்டிக்கொள்ளப்போகிறவனும் கூட வருகிறான் என்று. அதற்கப்புறம் நடக்கும் ஓட்டம் எல்லாம் அந்த ஒரு போனால்தான். மகள் வராமல் இருந்திருந்தால் இந்தக் கதை எப்படி முடிந்திருக்கும்? படம் அந்தப் பக்கமே போகவில்லை. உங்கள் மகள் இந்த வருஷம் வரப்போவதில்லை என்றால், அந்த இடத்தில் உங்கள் வீட்டுக்காரருக்கு மனசு வலிக்கும். என் அண்ணன் வெளிநாடு போன வருஷம் அப்பாவோடு இதைப் பார்த்தோம். போன் மணி அடித்ததும் அப்பா எழுந்து போய்விட்டார்.

மழைச்சாரல்:

எல்லோருக்கும் நன்றி. உப்புக்காற்று தம்பி சொன்னதைப் படித்துவிட்டு ரெண்டு நாள் தயங்கினேன். அப்புறம் வீட்டுக்காரரிடமே கதையை முழுசாகச் சொல்லி, பார்க்கிறீர்களா என்று கேட்டேன். சரி என்றார்.

போன் வரும் இடம் வரை போகவே இல்லை. தொடக்கத்திலேயே விமான நிலையத்தில் பிளேரை வழியனுப்பும் காட்சி வருமே, அங்கேயே நிறுத்தச் சொன்னார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "இப்ப அங்கே மணி என்ன இருக்கும்?" என்று கேட்டார். மகளை வீடியோ காலில் கூப்பிட்டோம். மரம் எங்கே வைக்கப்போகிறீர்கள் என்று அவள்தான் முதலில் கேட்டாள். பரணில் இருக்கும் பெட்டியை நாளைக்கு இறக்குகிறாராம், அவள் போனில் பார்த்தபடி இடம் சொல்ல வேண்டுமாம். படத்தின் மிச்சம் இன்னும் பாக்கி இருக்கிறது.