மொய்ப் பணம் கையில் இருக்கிறது: நகையை மீட்பதா, டிவி வாங்குவதா?

வைகாசி மாப்பிள்ளை:
வைகாசியில் உசிலம்பட்டியில் கல்யாணம் முடிந்து, இப்போது மேடவாக்கத்தில் குடித்தனம். இருவர் சம்பளமும் சேர்த்து 58,000, வாடகை 13,000. மண்டபம், சமையல், பந்தல் பாக்கியெல்லாம் தீர்த்தது போக மொய்ப் பணத்தில் 1,72,000 மிச்சம். கல்யாணச் செலவுக்காக அம்மாவின் நகையை வட்டிக்கடையில் 1,50,000-க்கு வைத்திருக்கிறோம். முதலில் அதை மீட்போம் என்கிறாள் மனைவி. என் கணக்கு வேறு: சோபா, வாஷிங் மெஷின் ரொக்கத்தில், 55 அங்குல டிவி ஆடித் தள்ளுபடியில் 48,000, கிரெடிட் கார்டில் வட்டியில்லாத் தவணை, மாதம் 4,000 வீதம் 12 மாதம். என்ன தப்பு?

திருமங்கலத்தான்:
தம்பி, அது உங்கள் பணமே இல்லை. உசிலம்பட்டிக்காரருக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? மொய் நோட்டில் இருப்பதெல்லாம் நீங்கள் திருப்பிச் செய்ய வேண்டிய பாக்கி. சரி, வட்டிக்கடையில் என்ன வட்டி?

வைகாசி மாப்பிள்ளை:
நூற்றுக்கு ஒன்றரை, அண்ணே.

திருமங்கலத்தான்:
மாதம் 2,250. வருஷத்துக்கு 27,000. டிவி விலையில் பாதிக்கு மேல் வட்டிக்கே போகிறது. உங்கள் வீட்டம்மா சொல்வதைக் கேளுங்கள்.

ஓஎம்ஆர் வாசி:
அண்ணே, மொய் கடன் என்றே வைத்துக்கொள்வோம். வட்டி கிடையாது, கெடு கிடையாது, அவர்கள் வீட்டில் விசேஷம் வந்தால் கொடுத்தால் போதும். பத்துப் பதினைந்து வருஷத்துக்குப் பரவிக் கிடக்கும் கடனுக்கு இன்றைக்கே ஏன் பயப்பட வேண்டும்? கையில் ரொக்கம் இருந்தால் ஒன்று மச்சான் கேட்பான், இல்லையென்றால் கரைந்துவிடும். தவணை இருந்தால்தான் பலபேர் செலவை அடக்குகிறார்கள். அப்புறம், வாஷிங் மெஷினையும் ஆடம்பரக் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். இருவரும் வேலைக்குப் போகிற வீட்டில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க யார் துவைப்பது? அறிவுரை சொல்கிறவர்கள் யாரும் துவைப்பதில்லை.

கவுண்டர் நம்பர் மூன்று:
வங்கியில் வேலை பார்க்கிறேன். வாஷிங் மெஷின் விஷயத்தில் ஓஎம்ஆர் வாசி பக்கம்தான் நானும். தவணை விஷயத்தில் இல்லை. 2013 செப்டம்பரிலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சுற்றறிக்கை விட்டது: பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்று. கார்டில் போடும் தவணைக்குள் 15 சதவீத வட்டி ஒளிந்திருக்கிறது என்று வைத்துப் பாருங்கள். மாதம் 4,000 வீதம் 12 மாதம் என்றால் அசல் சுமார் 44,300, வட்டி சுமார் 3,700. அந்த 3,700-ஐத்தான் கடைக்காரர் ‘தள்ளுபடி’ என்று கழித்துக் காட்டுகிறார். ரொக்கமாக நின்று பேரம் பேசினால் அதில் கொஞ்சமாவது உங்கள் கைக்கு வரும். சாதாரணக் கடன் வட்டிக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, கார்டு வட்டிக்கு 18 சதவீதம் உண்டு. ஆக இன்னும் 660 ரூபாய்க்கு மேல், அதற்கு மேல் செயலாக்கக் கட்டணம் வேறு.

ஓஎம்ஆர் வாசி:
ஆயிரம் ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு? ஒழுங்காகக் கட்டினால் சிபில், அதாவது நம் கடன் மதிப்பெண், ஏறும். நாளைக்கு வீட்டுக் கடனுக்குப் போகும்போது அது உதவும்.

கவுண்டர் நம்பர் மூன்று:
ஏறும், ஒழுங்காகக் கட்டினால். பில்லில் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒரு கட்டம் இருக்கும். முதல் பண்டிகை வந்ததும் அதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாகப் போவார்கள். பாக்கிக்கு வருஷத்துக்கு 40 சதவீதத்தை ஒட்டி வட்டி ஓடும். வட்டிக்கடையே தேவலாம் என்று ஆகிவிடும். தம்பி, நகையை முழுதாக மீட்க இப்போது மனசில்லையென்றால் அரசு வங்கிக்கோ கூட்டுறவு வங்கிக்கோ மாற்றி வையுங்கள். வட்டி ஏறக்குறையப் பாதியாகும்.

திருமங்கலத்தான்:
வட்டி கிடையாது என்று யார் சொன்னது? எங்கள் பக்கம் 500 வாங்கினால் 1,000 வைக்க வேண்டும். கூட வைக்காதவனைப் பந்தியிலேயே பேசிவிடுவார்கள். கெடுவும் உண்டு. ஆடியில் கல்யாணம் கிடையாது, சரி. ஆவணி பிறந்ததும் பத்திரிகை வந்து குவியும். மாப்பிள்ளை, மொய் நோட்டைப் பிரித்துப் பார்த்தீர்களா? இன்னொன்று, ஆடிக்கு மனைவியை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தனியாகக் கடைக்குப் போகாதீர்கள். நான் அப்படிப் போய்த்தான் ஒரு கிரைண்டர் வாங்கினேன். இன்றைக்கும் மேலே துணி போட்டு மூடி, பூந்தொட்டி வைத்திருக்கிறோம்.

ஓஎம்ஆர் வாசி:
கிரைண்டர் கதை நன்றாக இருக்கிறது அண்ணே. ஆனால் கூட வைக்க வேண்டும் என்பது ஊர்ப் பழக்கம், சட்டமில்லை. நாங்கள் வாங்கியதை அப்படியே வைக்கிறோம், யாரும் பேசவில்லை. என் காதில் விழவில்லை, அவ்வளவுதான் என்றும் சொல்லலாம்.

வைகாசி மாப்பிள்ளை:
நேற்று ராத்திரி இருவரும் உட்கார்ந்து நோட்டைப் பார்த்தோம். ஆவணியில் மட்டும் நான்கு வீடு. மூன்று வீட்டுக்குச் சேர்த்து வாங்கியது 4,500. நான்காவது எங்கள் சின்ன மாமா. அவர் ரூபாயாக எழுதவில்லை, அரைப் பவுன் மோதிரம் போட்டிருக்கிறார். அவர் மகளுக்கு நானும் 4 கிராம்தான் போட வேண்டும், அன்றைக்கு என்ன விலையோ அந்த விலையில். இதை மனைவி சிவப்பு மையில் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாள். வாஷிங் மெஷின் வாங்குகிறோம், ரொக்கத்தில். மிச்சத்தை வட்டிக்கடையில் கட்டப் போகிறோம், பாக்கியை வங்கிக்கு மாற்ற வேண்டும். டிவி பற்றி இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது. 43 அங்குலம் வரை இறங்கி வந்திருக்கிறேன்.