திருவொற்றியூரிலிருந்து கோவைக்கு: விமானமா, வந்தே பாரத்தா?

திருவொற்றியூர்வாசி:
மீனம்பாக்கம் விமான நிலையத்துக்கும் கோவையின் பீளமேடு விமான நிலையத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறத்தாழ 400 கி.மீ. தான். மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் பறக்கும் விமானம் அரை மணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். பயணச்சீட்டிலோ ஒரு மணி பத்து நிமிடம் என்று போடுகிறார்கள். தாமதமானாலும் குறித்த நேரத்தில் வந்ததாகக் காட்டவே நிறுவனங்கள் நேரத்தைக் கூட்டி எழுதுகின்றன என்பது என் கருத்து. அப்படியிருந்தும் வந்தே பாரத்தில் 5 மணி 50 நிமிடம் உட்காருவதைவிட விமானமே மேல். அடுத்த மாதம் அம்மாவை அதில்தான் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன்.

கொருக்குப்பேட்டைவாசி:
கொஞ்சம் கூட்டி எழுதும் வழக்கம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சீட்டில் உள்ள நேரம் வானில் பறக்கும் நேரம் மட்டுமன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்வதிலிருந்து மறுமுனையில் வந்து நிற்கும்வரை உள்ள நேரம். விமானங்கள் காற்றை எதிர்த்தே மேலெழும் என்பதால், கடற்காற்று வீசும் பிற்பகலில் தென்மேற்கே உள்ள கோவைக்குச் செல்லும் விமானமும் முதலில் கிழக்கு நோக்கிக் கிளம்பி, பிறகு திரும்ப வேண்டியிருக்கிறது. நீங்கள் சொல்லும் 800 கி.மீ. வேகம் உயரத்தை எட்டிய பிறகு கிடைப்பது. இவ்வளவு குறுகிய வழியில் ஏறுவதும் இறங்குவதுமே பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன.

என் மறுப்பு வேறு இடத்தில். நம் வடசென்னைக்காரர்களுக்குப் பயணம் மீனம்பாக்கத்தில் தொடங்குவதில்லை. விமான நிலையத்துக்குப் போக நீங்கள் ஏறும் அதே மெட்ரோ, வழியில் சென்ட்ரலில் நின்றுதான் போகிறது. பிற்பகல் 2.25க்கு விமானமும் ரயிலும் ஒன்றாகப் புறப்படுவதாக வையுங்கள். விமானத்துக்கு 11.40க்கு வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும். மெட்ரோவில் ஒரு மணி நேரம், பிறகு பெட்டியை ஒப்படைப்பது, சோதனை. 3.35க்கு இறங்கிப் பெட்டி வந்து, கோவை நகருக்குள் காந்திபுரம் சேர 4.20 ஆகிவிடும். ஆக 4 மணி 40 நிமிடம். ரயிலுக்கு 1.30க்குக் கிளம்பினால் போதும், இரவு 8.15க்குக் கோவை, 8.35க்குக் காந்திபுரம், 7 மணி 5 நிமிடம். நிகர மிச்சம் இரண்டரை மணி நேரத்துக்கும் குறைவு.

ராயபுரம்வாசி:
இந்தக் கணக்கில் விமானம் தாமதமாகக்கூடும் என்பதைச் சேர்க்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். எங்கள் வீட்டிலிருந்து சென்ட்ரல் இன்னும் பக்கம் என்பதால், நாங்கள் இரவில் சேரன் விரைவு ரயிலில் ஏறி விடியலில் இறங்குகிறோம். பகல் பொழுது வீணாவதே இல்லை.

திருவொற்றியூர்வாசி:
வானில் பறக்கும் நேரத்தையும் சீட்டில் உள்ள நேரத்தையும் நான் ஒன்றாக எடுத்துக்கொண்டது பிழை, ஏற்கிறேன். வீட்டிலிருந்து எண்ண வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் உங்கள் கணக்குப்படியே விமானம் 4.20க்குச் சேர்க்கிறது, ரயில் இரவு 8.35க்கு. அம்மாவுக்கு முழங்கால் வலி. தொடர்ந்து ஆறு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் மறுநாள் எழுந்து நடக்க முடிவதில்லை. அவரை இருட்டுவதற்குள் அக்கா வீட்டில் சேர்ப்பது எனக்கு முக்கியம்.

கொருக்குப்பேட்டைவாசி:
முழங்கால் வலி என்றால் விமான நிலையத்தில் நடக்க வேண்டிய தூரத்தையும் வரிசையில் நிற்பதையும் சேர்த்து எண்ணுங்கள். சக்கர நாற்காலி வேண்டும் என்று சீட்டு எடுக்கும்போதே பதிந்துவிடுங்கள். அப்படிச் செய்தால் அம்மாவைப் பொறுத்தவரை விமானம் சரி என்பதை நானும் ஏற்கிறேன். தனியாகப் போகும்போது உங்களுக்கு ரயில்தான் என்பதில் மாற்றமில்லை.