ஏற்காடு கடைசி பஸ் டிரைவர் அண்ணன்: பழகியவர்கள் எழுதுங்கள்

கோரிமேடு வாசி:
அண்ணன் போன வாரம் தவறிவிட்டார். பேர் போட வேண்டாம் என்று வீட்டில் கேட்டுக்கொண்டார்கள். கடைசி பஸ்ஸில் போனவர்களுக்கு யாரென்று தெரியும்.

எனக்கு ஒரு ராத்திரி மட்டும் மனசை விட்டுப் போகவே இல்லை. ஐப்பசி மழை. பாதி மலை ஏறியதும் கண்ணாடிக்கு வெளியே சுண்ணாம்பு அடித்த மாதிரி பனி. கண்டக்டரிடம் டார்ச்சைக் கொடுத்து முன்னால் நடக்கச் சொன்னார். அவருக்குப் பின்னால், ஆள் நடக்கிற வேகத்தில் பஸ். பின்சீட்டிலிருந்து ஒருத்தர், "விடியறதுக்குள்ள போய்ச் சேருவமா?" என்று கத்தினார். அண்ணன் திரும்பவே இல்லை. நான் இன்ஜின் பக்கத்து சீட்டில் இருந்தேன். "அருள் நிறைந்த மரியே" என்று முணுமுணுப்பு கேட்டது. இடது கட்டைவிரல் விரல் கணுக்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. வளைவுக்கு ஒரு மரியே! மேலே போய்ச் சேர்ந்ததும் அந்தப் பின்சீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "வீட்ல கேட்டா டிரைவராலதான் லேட்டுன்னு சொல்லிருங்க" என்றார். கோபமே இல்லாமல்.

நாகலூர் காபி:
படிக்க நன்றாக இருக்கிறது, ஆனால் கணக்கு உதைக்கிறது. ஜெபமாலைக்கு 53 மரியே மணி. நம் சேலம்-ஏற்காடு பாதையில் கொண்டை ஊசி வளைவு 20. அவர் எண்ணியது வளைவைத்தான். பனியில் நம்பர் போர்டு தெரியாது, எண்ணிக்கை தப்பினால் அடுத்தது எந்தப் பக்கம் திரும்புகிறது என்று குழம்பிவிடும். எங்கப்பாவிடம் அவரே சொன்னது இது. நாங்கள் ஒரே பங்கு, ஒரே சர்ச். பக்தியில் குறை சொல்லவில்லை. ஞாயிறு டியூட்டி விழுந்தால் காக்கிச் சட்டையோடுதான் முதல் பூசைக்கு வருவார். நன்மை (நற்கருணை) வாங்கியதும் நேரே டிப்போ. வீட்டம்மாவும் மூன்று பெண்களும் கடைசிப் பாட்டு வரை இருந்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

கோரிமேடு வாசி:
ஏறி இறங்கினால் 40 ஆச்சு. மீதி 13-ஐ வீட்டுக்குப் போய்ச் சொல்லியிருப்பார். உங்கப்பா காதில் விழுந்ததும் நிஜம், என் காதில் விழுந்ததும் நிஜம்.

செவ்வாய்ப்பேட்டை கொலுசு:
நான் அவர் பஸ்ஸில் போனதே இல்லை. எங்கள் பட்டறைக்கு வந்திருக்கிறார், பெரிய பெண்ணுக்குப் புதுநன்மை (முதல் தடவை நற்கருணை வாங்குகிற நாள்) என்று கொலுசு வாங்க. கையில் இருந்த பணத்துக்குக் கனமாக ஒரு ஜோடி வரும். அப்பா அதைத்தான் எடுத்து வைத்தார். அவர், "ஒண்ணுக்கு மட்டும் வாங்கிட்டுப் போனா மத்த ரெண்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கும்ணா" என்று மெல்லிசாக மூன்று ஜோடி கேட்டார்.

அதோடு விடவில்லை. ஒவ்வொன்றாகக் காதுக்குப் பக்கத்தில் ஆட்டிப் பார்க்கிறார். மூன்றும் ஒரே சத்தம் வருகிறதாம், வேண்டாமாம். அப்பாவுக்கு எரிச்சல். ஒரே மாதிரி சத்தம் வர வைக்கத்தானே நாங்கள் பாடுபடுகிறோம்! விஷயம் என்னவென்றால், ராத்திரி வண்டி ஓட்டிவிட்டுப் பகலில் தூங்குகிறவர். பிள்ளைகள் ஸ்கூல் விட்டு வரும்போது கண் முழிக்காமலே எது வருகிறது என்று தெரியணும். கடைசியில் அப்பா ஒன்றில் சலங்கையைக் குறைத்து, ஒன்றில் நெருக்கமாகப் பற்ற வைத்து, மூன்றாவதை அப்படியே விட்டுக் கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு என்னை ஆட்டச் சொன்னார். நான் கலைத்துக் கலைத்து ஆட்டினேன். "பெரியவ... சின்னவ... நடுவுல உள்ளவ." ஒன்றுகூடத் தப்பவில்லை. எங்கள் பட்டறையில் அப்படிக் கொலுசு வாங்கினவர் அவர் ஒருத்தர்தான்.

மலை ரைடர்:
ஒரு தடவை வளைவில் அவர் பஸ்ஸை ஓவர்டேக் செய்தேன். மேலே ஒண்டிக்கடை ரவுண்டானாவில் பிடித்து, "உனக்கு அம்மா இருக்காங்களா சாமி?" என்று மட்டும் கேட்டார்.

இதைப் படிக்கிற பைக் தம்பிகளுக்குச் சொல்கிறேன். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடாதீர்கள். பாரம் முழுக்க பிரேக்கில் விழும், சூடேறிப் போனால் அடிவாரம் வருவதற்குள் பிடிக்காமல் போகும். ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் வழி, இறங்குகிறவர் ஒதுங்கணும். பனியில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்ப உங்கள் கண்ணிலேயே அடிக்கும், லோபீம் போடுங்கள். வளைவுக்கு முன்னாலேயே வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் பிரேக் பிடித்தால் சறுக்கும். மழை என்றால் இரண்டு பங்கு கவனம். வாந்தி வருகிறவர்கள் முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். குரங்குக்குத் தீனி போட வண்டியை நிறுத்தாதீர்கள். கூட்டம் அதிகமென்றால் குப்பனூர் வழியும் இருக்கிறது.

நாகலூர் காபி:
இது இரங்கல் பக்கம் தம்பி.

மலை ரைடர்:
அவர் இருந்தாலும் இதைத்தானே சொல்வார்.

வெள்ளக்கடை தங்கச்சி:
மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழா ஸ்பெஷலும் அவர் ஓட்டியிருக்கிறார். சக்கரத்தில் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்கள் கேட்டபோது, "வைங்க" என்று இறங்கி ஓரமாக நின்றார். வைத்து முடித்ததும் தன் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார். இதற்கும் யாராவது கணக்குப் போட வேண்டாம்.

நான் எழுத வந்தது வேறு. அண்ணன் வீட்டு அக்காவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை விழுந்துவிட்டது அல்லவா? அதற்கப்புறம் காலையில் காலேஜுக்கு இறங்கும்போது தினமும் பார்ப்பேன். வாசற்படியில் அக்காவை உட்கார வைத்து, பின்னால் ஸ்டூல் போட்டு அண்ணன் ஜடை பின்னுவார். பெண்கள் மூன்று பேரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது, வீட்டில் வேறு ஆள் இல்லை. ஜடை எப்போதும் கோணல். அக்கா, "இருவது வளைவு திருப்பத் தெரியுது, மூணு கால் முடிய ஒழுங்காப் போடத் தெரியல" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி திட்டுவார். இவர் வாயில் ரப்பர் பேண்டைக் கடித்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருப்பார். போகிற ஆண்கள் சிலர் சிரிப்பார்கள். அவர் அவசரப்பட்டு எழுந்ததில்லை. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "எங்க விடுறேன்னு பாரு கண்ணு" என்றார். இடது கால் முடியை மட்டும் இறுக்கி இழுக்கிறார், அவ்வளவுதான். சொன்னேன். மறுநாள் ஜடை நேராக இருந்தது. அக்காவுக்குத் திட்ட வேறு விஷயம் கிடைத்துவிட்டது.

கோரிமேடு வாசி:
அக்கா இப்போது யாரிடம் இருக்கிறார்?

வெள்ளக்கடை தங்கச்சி:
நடுப் பெண்ணிடம், சூரமங்கலத்தில்.

நாகலூர் காபி:
முப்பதாம் நாள் பூசை மேலே எங்கள் கோயிலில்தான், ஞாயிறு காலை. கீழேயிருந்து வருகிறவர்கள் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். டூரிஸ்ட் கார்கள் ஏற ஆரம்பித்தால் பஸ் அடிவாரத்திலேயே நின்றுவிடும்.

மலை ரைடர்:
பைக் நிறுத்த இடம் இருக்கா?

நாகலூர் காபி:
இருக்கு. சரிவு. கியரில் போட்டு நிறுத்துங்கள்.