ஆரம்பப் பள்ளிப் பாடத்தில் இன்னும் உறுத்திக்கொண்டிருப்பது எது?

சென்னிமலைப் பக்கம்:
மூன்றாம் வகுப்பு, ஆறுகளுக்கு நிறம் தீட்டும் பாடம். நான் நொய்யலுக்குக் கருஞ்சிவப்பு அடித்தேன். ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கத்தில்தான் அம்மிச்சி வீடு, லீவுக்குப் போனால் நான் பார்த்த தண்ணீர் அந்த நிறம்தான். டீச்சர் ரப்பரை வாங்கி அழித்தார். கிரேயான் அழியுமா? தேய்த்துத் தேய்த்து, அணை இருந்த இடத்தில் தாள் ஓட்டை விழுந்துவிட்டது. "ஆறுன்னா நீலம்தான் கண்ணு" என்று அன்பாகத்தான் சொன்னார். அந்த ஓட்டை இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

பல்லடம் அம்மா:
டீச்சரைச் சொல்லி என்ன செய்வது, நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவரும் என்ன பண்ணுவார்? என் விஷயத்தில் தப்பு என்னுடையது. மகள் ஐந்தாவது. 'நண்பகலில் நிழல் இருக்காது' என்று அறிவியல் நோட்டில் எழுதிப் போட்டிருந்தார்கள். ஜூன் மாதம், மாடியில் மண் தொட்டியில் ஒரு மீட்டர் குச்சியை நட்டுப் பார்த்தாள். 12.20 தாண்டி நிழல் குட்டையாகி, ஒரு சாண் அளவில் நின்றது. அதுவும் தெற்கே பார்த்து. "சூரியன் நமக்கு வடக்கே போயிடுச்சும்மா!" என்று ஓடி வந்தாள். அடுப்படியில் இருந்தேன். "நோட்டுல இருக்கறதையே எழுது சாமி, மார்க் போயிடும்" என்றேன். எழுதினாள், முழு மார்க். அப்புறம் அந்தக் குச்சியைத் தொடவே இல்லை.

பவானி, ஓய்வு பெற்ற வாத்தியார்:
பல்லடம் அம்மா, உங்கள் மகள் சொன்னதே சரி. உங்கள் ஊர் 11 பாகை வடக்கில் இருக்கிறது. ஏப்ரல் 18, 19 வாக்கில் சூரியன் நேர் உச்சிக்கு வந்து, வடக்கே நகர்ந்து, ஜூன் 21இல் கடகரேகைக்குப் போகிறது. திரும்பி ஆகஸ்ட் 24 வாக்கில் மறுபடி உச்சி. அந்த இரண்டு சமயம்தான் நிழல் காலடிக்குள் ஒடுங்கும். நம் கடிகாரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது, நாம் அதற்கு மேற்கே ஐந்து பாகைக்குச் சற்று அதிகம், பாகைக்கு 4 நிமிடம் தாமதம். அதனால்தான் 12.20. ஆகஸ்டில் அந்தக் குச்சியை நீங்களே எடுத்துக் கொடுங்கள். நூலில் கல் கட்டித் தொங்கவிட்டு, குச்சி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மேகமாக இருந்தால் மறுநாள் பார்க்கலாம், பெரிய வித்தியாசம் வராது.
என்னுடையது சின்னது. கண்ணுக்குத் தெரியாத மூன்றாவது ஆறும் வந்து சேர்வதாகச் சொல்லும் கூடுதுறைக்கு நான்காம் வகுப்பைக் கூட்டிப்போனபோது, காவிரியையும் பவானியையும் பார்த்துவிட்டு ஒருத்தி கேட்டாள்: "மூணாவது ஆறு எங்கே சார்?" நேரமாகிவிட்டது என்று சொல்லி வண்டியில் ஏற்றிவிட்டேன்.

திருப்பூர்க்காரன்:
முதலில் எழுதியவருக்கு. அந்தத் தண்ணீரில் எங்கள் அப்பாவின் கையும் உண்டு, சாயப்பட்டறை வேலை. 2011 ஜனவரியில் கோர்ட் உத்தரவால் பட்டறைகளை மூடினார்கள், அப்பா வீட்டில் இருந்தார். நான் ஐந்தாவது. நீர் மாசுபடும் காரணங்களைப் பரீட்சையில் எழுதச் சொன்னார்கள். சாயக்கழிவை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் எழுதினேன்.